டாக்டர் அங்கே, ரிசப்ஷன் இங்கே!
தொலைவிலிருந்து நடக்கும் கிளினிக் வேலை: ஓர் அறிமுகப் பாடம்

பிளேஸ்மென்ட் சீசன் வந்தா நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு வகை மெசேஜ் வரும். ஒண்ணு, பெரிய ஐடி கம்பெனியோட லிங்க். இன்னொண்ணு, "ஏஆர் காலர் தேவை, எந்த டிகிரியும் ஓகே, நைட் ஷிஃப்ட், கேப் உண்டு, நேர்ல வாங்க". முதல் லிங்க்கை எல்லாரும் கிளிக் பண்ணுவோம். ரெண்டாவதுக்கு யாராவது ஒருத்தர் சிரிப்பு எமோஜி போடுவார். "பி.இ. முடிச்சுட்டு பில்லிங் வேலையா?"

ஆனா நம்ம சீனியர்ஸ்ல பல பேர் அந்த ரெண்டாவது மெசேஜை நம்பித்தான் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல சென்னைக்கும் திருச்சிக்கும் பஸ் ஏறினாங்க. அந்த வேலை என்னன்னு தெரியாமலே சிரிக்கிறோம். தெரியாமலே சேரவும் செய்றோம். ரெண்டும் நல்லதில்லை.

அதனால இந்த இதழ்ல மூணு விஷயம் பாக்கலாம். தொலைவில் இருந்து ஒரு கிளினிக்கின் அலுவலக வேலை எப்படி நடக்குது, அது எங்கே உடையுது, அதே முறையை நம்ம நாகல் நகர் கிளினிக் ஒண்ணுல எப்படி வைக்கலாம்.

1. டாக்டரைத் தவிர வேற யார் யார்?

நம்ம ஊர் கிளினிக்ல ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், டோக்கன் நோட்டோட ஒரு ரிசப்ஷன் அக்கா. காசு கையில கொடுத்துட்டு வந்துடுவோம். வேலை முடிஞ்சது.

அமெரிக்காவுல பெரும்பாலும் காசு கொடுக்கிறது இன்சூரன்ஸ் கம்பெனி, இல்லேன்னா அரசுத் திட்டம். அதனால ஒரு டாக்டர் ஒரு நோயாளியை 15 நிமிஷம் பாத்தா, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நிறைய எழுத்து வேலை இருக்கு. அப்பாயின்ட்மென்ட் போடணும், இன்சூரன்ஸ் நடப்புல இருக்கான்னு பாக்கணும், சில சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்கணும், குறிப்பு எழுதணும், கோடு போடணும், பில் அனுப்பணும், வராத பணத்தைத் துரத்தணும். இதுல நோயாளியைத் தொட வேண்டிய வேலை எதுவுமே இல்லை. ஒரு கம்ப்யூட்டரும் போனும் போதும். அப்படின்னா அந்த கம்ப்யூட்டர் சென்னையில இருந்தா என்ன? இந்தக் கேள்வியில இருந்துதான் ஒரு தொழிலே பிறந்துச்சு.

2. நம்ம பக்கம் வந்த கதை

1990-கள்ல முதல்ல வந்தது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்க டாக்டர் சாயங்காலம் குறிப்பைப் பேசிப் பதிவு செய்வார். அவர் தூங்கும்போது இங்கே பகல். ஹெட்போன் மாட்டிக்கிட்டு டைப் பண்ணி அனுப்பிடுவாங்க. காலையில அவர் வரும்போது ஃபைல் ரெடி. நேர வித்தியாசமே லாபம்.

அடுத்து பில்லிங்கும் கோடிங்கும் வந்துச்சு. 2003-ல் தொடங்கிய ஒமேகா ஹெல்த்கேர், 2011-ல் தொடங்கிய ஆக்சஸ் ஹெல்த்கேர் மாதிரி நிறுவனங்கள் தமிழ்நாட்டுல பெரிய அளவுல ஆள் எடுக்கிறது இந்த வேலைக்குத்தான். இப்ப அடுத்த கட்டமா, ஒரே ஒரு டாக்டரோட கிளினிக்குக்கே ஒரு ஆள் முழுநேரமா தொலைவில் இருந்து ரிசப்ஷன் பாக்கிறார். வர்ச்சுவல் அசிஸ்டென்ட்னு பேரு.

இங்கே நேர வித்தியாசம் லாபம் இல்லை. போன் அடிக்கும்போதே எடுக்கணுமே! நியூயார்க்ல காலை 9 மணின்னா இங்கே கோடையில மாலை 6:30, குளிர்காலத்துல 7:30. லாஸ் ஏஞ்சல்ஸ் கிளினிக்னா இரவு 9:30, இல்லேன்னா 10:30. விடிய விடிய வேலை. நைட் ஷிஃப்ட் ஏன்னு கேட்டா இதுதான் பதில்.

3. ஒரு பில்லோட பயணம்

இதை ஒரு பைப்லைனா பாருங்க. டேட்டா உள்ளே போகுது, ஏழு இடம் தாண்டி பணமா வெளியே வருது.

1. அப்பாயின்ட்மென்ட்: பேர், பிறந்த தேதி, இன்சூரன்ஸ் எண் பதிவாகும்.
2. தகுதி சரிபார்ப்பு: இன்சூரன்ஸ் கம்பெனியோட சிஸ்டத்துக்கு 270-ங்கிற எண் கொண்ட மின்னணுக் கேள்வி போகும். 271-ங்கிற பதில் வரும். நெட்வொர்க் பாடத்துல படிச்ச ரெக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் அப்படியே.
3. முன் அனுமதி: நம்ம முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஆபரேஷனுக்கு முன்னாடி அப்ரூவல் வரட்டும்னு காத்திருப்பாங்களே, அதே தத்துவம்.
4. குறிப்பு: டாக்டர் பாத்ததை எழுத்தாக்குறது. சில இடங்கள்ல ஸ்கிரைப்னு ஒருத்தர் ஆன்லைன்ல கேட்டுக்கிட்டே எழுதுவார்.
5. கோடிங்: நோய்க்கு ஐசிடி கோடு, செய்த வேலைக்கு சிபிடி கோடு. 2015 அக்டோபர் 1 அன்னைக்கு அமெரிக்கா ஐசிடி-9-ல இருந்து ஐசிடி-10-க்கு மாறினப்போ, நோய்க் கோடுகள் சுமார் 14,000-ல இருந்து 70,000 பக்கம் போச்சு. ஒரே சர்க்கரை நோய்க்கு, கூடுதல் பாதிப்பு இல்லேன்னா ஒரு கோடு, ரத்தச் சர்க்கரை அளவு மீறி இருந்தா வேற கோடு.
6. கிளெய்ம்: 837-ங்கிற ஃபைலா போகும். பணம் பத்தின விவரம் 835-ஆ திரும்பி வரும்.
7. மறுப்பும் துரத்தலும்: பணம் வரலேன்னா காரண எண் வரும். 16-ன்னா தகவல் குறையுது, 29-ன்னா கெடு தாண்டிடுச்சு, 197-ன்னா முன் அனுமதி இல்லை. ஏஆர்னா அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள், அதாவது வரவேண்டிய பாக்கி. அந்தப் பாக்கி ஏன் நிக்குதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டுக் கேக்கிறவர்தான் ஏஆர் காலர்.

இப்ப சொல்லுங்க, இது வெறும் கால் சென்டரா? ஏழாவது படியில உக்கார்ந்து, முதல் ஆறு படியில எங்கே பிழைன்னு கண்டுபிடிக்கிற வேலை. நம்ம பாஷையில டீபக்கிங்.

கெடுவும் விளையாட்டில்லை. அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் திட்டத்துல சிகிச்சை நடந்து ஒரு வருஷத்துக்குள்ள கிளெய்ம் போகணும். தனியார் இன்சூரன்ஸ்ல இன்னும் குறைவான கெடு உண்டு. தாண்டினா அந்தப் பணம் போனதுதான்.

4. சின்ன எண், பெரிய வம்பு

03/04-ன்னு ஒரு தேதி. நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்காவுக்கு மார்ச் 4. பிறந்த தேதி மாறினா தகுதி சரிபார்ப்புலயே ஆள் கிடைக்க மாட்டார். அதைவிட மோசம், வேற ஒருத்தர் கிடைச்சுடுவார்! அப்புறம் ஒருத்தரோட ஒவ்வாமை விவரம் இன்னொருத்தர் ஃபைல்ல போய் உக்காரும். பில் தப்பானா பணம்தான் போகும். ஃபைல் தப்பானா மருந்தே மாறும்.

சில எண்களுக்குத் தானாவே காவல் இருக்கு. அமெரிக்க டாக்டர் ஒவ்வொருத்தருக்கும் என்பிஐ-னு 10 இலக்க எண் உண்டு. கடைசி இலக்கம் லூன் முறையில வந்த சரிபார்ப்பு இலக்கம். செஞ்சு பாக்கலாமா?

எடுத்துக்காட்டு எண் 1234567893. கடைசி 3-ஐ விட்டுடுங்க. மிச்சம் 123456789. வலது ஓரத்துல இருந்து ஒண்ணு விட்டு ஒண்ணை ரெண்டால பெருக்குங்க. ரெண்டு இலக்கம் வந்தா அந்த ரெண்டையும் கூட்டிக்கோங்க.

- 9 → 18 → 9
- 7 → 14 → 5
- 5 → 10 → 1
- 3 → 6
- 1 → 2

கூட்டினா 23. பெருக்காத 8, 6, 4, 2 கூட்டினா 20. என்பிஐ-க்குன்னு எப்பவும் சேர்க்கிற மாறிலி 24. மொத்தம் 67. அடுத்த பத்தின் மடங்கு 70. குறையுறது 3. அதுதான் கடைசி இலக்கம்!

ஒரு இலக்கத்தைத் தப்பா அடிச்சா இது கட்டாயம் பிடிச்சுடும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் ரெண்டு இடம் மாறினாலும், 09-ம் 90-ம் தவிர, எல்லாத்தையும் பிடிக்கும்.

ஆனா பிறந்த தேதிக்கும் பேருக்கும் இப்படி ஒரு காவல் கிடையாது. அதனாலதான் ஒரு ஆளை உறுதி பண்ண குறைஞ்சது ரெண்டு அடையாளம் கேக்கணும்னு மருத்துவமனைகள்ல விதி வெச்சிருக்காங்க. நம்ம ஊருக்கு இது ரொம்பவே பொருந்தும். ஒரே தெருவுல மூணு முருகன் இருப்பார். லட்சுமிங்கிற பேரை இங்கிலீஷ்ல நாலு விதமா எழுதுவோம். இனிஷியல் முன்னாடி வருமா பின்னாடி வருமான்னு ஆதார்ல ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு இருக்கும்.

5. உடைஞ்ச ரெண்டு இடம்

முதல் கேஸ், 2003. சான் ஃபிரான்சிஸ்கோவுல இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ மையம், டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையை ஒரு கம்பெனிக்குக் கொடுத்துச்சு. அந்த கம்பெனி ஃபுளோரிடாவுல ஒருத்தர்கிட்ட, அவர் டெக்சாஸ்ல ஒருத்தர்கிட்ட, அவர் கராச்சியில ஒரு பெண்கிட்ட. கடைசியில டைப் பண்ணவருக்குக் கூலி வரலை. "பணம் கொடுங்க, இல்லேன்னா நோயாளிகள் ஃபைலை இணையத்துல போட்டுடுவேன்"னு மருத்துவமனைக்கே மெயில் அனுப்பினார். சாம்பிளுக்கு ஃபைலும் இணைச்சிருந்தார். கொஞ்சம் பணம் கிடைச்சதும் மிரட்டலைத் திரும்ப வாங்கிக்கிட்டார்.

அப்போ பலரும் "வெளிநாட்டுக்கு அனுப்பினதுதான் தப்பு"ன்னு பேசினாங்க. எனக்கு வேற ஒண்ணு தெரியுது. வேலை நாலு கை மாறினது மருத்துவமனைக்கே தெரியாது. ஒவ்வொரு கையும் ஒரு பங்கு எடுத்துக்கிட்டு, வேலை செஞ்சவருக்கு மட்டும் ஒண்ணும் இல்லாம போச்சு. அவர் செஞ்சது தப்புதான், சந்தேகமே இல்லை. ஆனா கூலி ஒழுங்கா கொடுக்கிறதும் ஒரு டேட்டா பாதுகாப்பு நடவடிக்கைதான். எந்த செக்யூரிட்டி பாடப்புத்தகத்துலயும் நான் அதைப் படிச்சதில்லை.

ரெண்டாவது கேஸ், 2024. அமெரிக்காவுல கிளெய்ம் ஃபைல்கள் கடந்து போற பெரிய சந்திப்பு மாதிரியான நிறுவனம் சேஞ்ச் ஹெல்த்கேர். பிப்ரவரியில ரான்சம்வேர் தாக்குதல். திருடின பாஸ்வேர்டை வெச்சு ஒரு ரிமோட் லாகின் வழியா உள்ளே வந்தாங்க. அந்த லாகின்ல ரெண்டாம் கட்ட சரிபார்ப்பு, அதாவது நம்ம பேங்க் ஆப் ஓடிபி மாதிரி எதுவும், இல்லை. தாய் நிறுவனத்தோட தலைவரே அமெரிக்க நாடாளுமன்றத்துல இதை ஒத்துக்கிட்டார். பாதிக்கப்பட்டவங்க எண்ணிக்கை சுமார் 19 கோடின்னு 2025 ஜனவரியில அறிவிச்சாங்க. கிளினிக்குகள் பில் அனுப்ப முடியாம வாரக்கணக்கா தவிச்சுது.

சட்டம் என்ன சொல்லுது? அமெரிக்காவுல 1996-ல் வந்த ஹிப்பா சட்டம். 2009 சட்டமும் 2013 விதிகளும் வந்த பிறகு, வேலையை வாங்கிச் செய்ற கம்பெனியும் அதுக்குக் கீழே செய்ற துணை கம்பெனியும்கூட நேரடியாப் பொறுப்பு. இந்தியாவுல 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். வெளிநாட்டு ஒப்பந்தத்துல வெளிநாட்டவர் டேட்டாவைக் கையாண்டா சில பிரிவுகள்ல விலக்கு உண்டு. ஆனா பாதுகாப்பா வெச்சுக்கிற கடமைக்கு விலக்கு இல்லை.

ரெண்டு கேஸ்லயும் தூரம் குற்றவாளி இல்லை. யாரு பாக்கலாம், எதைப் பாக்கலாம், யாரு பொறுப்பு: இது தெளிவா இல்லாததுதான் குற்றவாளி. பக்கத்து அறையில இருக்கிற கம்ப்யூட்டர்லயும் இதே ஓட்டை விழும்.

6. எது பக்கத்துல இருக்கணும்?

மதுரையில 1976-ல் 11 படுக்கையோட தொடங்கின அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்க. அவங்களோட கிராமப்புற விஷன் சென்டர்ல பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். டாக்டர் தொலைவில் இருந்து வீடியோவுல பேசுவார். அமெரிக்க மாடலுக்கு இது தலைகீழ். அங்கே டாக்டர் பக்கத்துல, எழுத்து வேலை தூரத்துல. இங்கே ஊழியர் பக்கத்துல, டாக்டர் தூரத்துல. ரெண்டுலயும் பொதுவானது ஒண்ணுதான்: தொட்டுப் பாக்கிற வேலையை நோயாளி பக்கத்துலயே விட்டுட்டாங்க.

இப்ப நம்ம நாகல் நகர்ல ஒரு கற்பனை கிளினிக் எடுத்துக்குவோம். சாயங்காலம் 5 மணிக்கு டோக்கன். எல்லாரும் 4:30-க்கே வந்து நிப்பாங்க. ஒரு மணி நேரத்துக்கு 15 பேரை டாக்டர் பாக்கிறார், ஒருத்தர் சராசரியா 2 மணி நேரம் காத்திருக்கிறார்னு வைங்க. லிட்டில் விதிப்படி ஹால்ல இருக்கிறவங்க 15 × 2 = 30 பேர். காத்திருப்பை அரை மணி நேரமாக்கினா ஏழெட்டுப் பேர்தான். டாக்டர் ஒரு நிமிஷம்கூட வேகமா பாக்க வேண்டாம். வர்ற நேரத்தைப் பரப்பினாப் போதும். காய்ச்சல் குழந்தையும் இருமுற தாத்தாவும் ஒரே பெஞ்சுல உரசி உக்கார வேண்டாம். 1952-லயே நார்மன் பெய்லிங்கிற புள்ளியியல் அறிஞர் இதைக் கணக்குப் போட்டுட்டார். ஆரம்பத்துல ரெண்டு பேரை வரச் சொல்லு, அப்புறம் சராசரி நேரத்துக்கு ஒருத்தர்னு கூப்பிடு, அவ்வளவுதான்.

இந்த நேரம் ஒதுக்குற வேலையை வீட்டுல இருந்தே ஒருத்தர் செய்யலாம். கைக்குழந்தை வெச்சிருக்கிற ஓர் அக்காவோ, நடமாடக் கஷ்டப்படுற ஒரு பட்டதாரியோ. ஆனா வேலையை மூணு கூடையா பிரிச்சு எழுதி ஒட்டணும்.

பச்சை (தானே செய்யலாம்): நேரம் கொடுக்கிறது, மாத்துறது, நினைவூட்டல், கிளினிக் திறந்திருக்கான்னு சொல்றது.

மஞ்சள் (கேட்டுட்டுச் செய்யணும்): ரிப்போர்ட் அனுப்புறது, காப்பீட்டுப் பேப்பர், பழைய ஃபைலைத் திறக்கிறது. ரெண்டு அடையாளம் கேக்காம எதுவும் கிடையாது. மாமியார் ரிப்போர்ட்டை மருமகளுக்கு அனுப்பலாமா? மாமியார் சொன்னா மட்டும்.

சிவப்பு (உடனே நிறுத்தணும்): நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் வராம போறது, வாய் கோணுறது, வலிப்பு, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு. டோக்கன் பேச்சே கூடாது. 108-ஐ கூப்பிடச் சொல்லணும், டாக்டருக்குச் சொல்லணும். "எந்த மாத்திரை போடலாம்?"ங்கிற கேள்வியும் இங்கேதான். 2020 மார்ச்ல வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி ஆலோசனையும் மருந்துச்சீட்டும் பதிவு பெற்ற டாக்டர் வேலை மட்டும்.

சிவப்புக் கூடையில ஒரு உள்ளூர் விஷயம் இருக்கு. நம்ம பக்கம் யாரும் "நெஞ்சு வலி"ன்னு நேரா சொல்றதில்லை. "கேஸ் பிடிச்ச மாதிரி இருக்கும்மா, நாளைக்கு வரட்டுமா?"ன்னுதான் கேப்பாங்க. "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது, வேர்க்குது, சோடா குடிச்சேன்"ம்பாங்க. ஒரு பாட்டோ, இந்த ஊர் பேச்சு தெரியாத ஆளோ இதைக் கேட்டா "நாளை மாலை 5:20, டோக்கன் 6"ன்னு போட்டுட்டுப் போயிடும். நம்ம ஊர் பேச்சு தெரிஞ்சவர் "வேர்க்குதா தாத்தா? கை வலிக்குதா? பக்கத்துல யார் இருக்கா, போனைக் கொடுங்க"ன்னு கேப்பார். அந்த ஒரு கேள்விதான் இந்த வேலைக்கு மதிப்பு. சாஃப்ட்வேர் எழுதும்போது இந்த வார்த்தைகளை நம்ம மக்கள்கிட்ட கேட்டுச் சேகரிக்கணும். இங்கிலீஷ் பட்டியலை மொழிபெயர்த்தா வராது.

இன்னும் ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, கிராமத்துல இருந்து பஸ் பிடிச்சு நேரா வர்றவங்களுக்கு கணிசமான இடம் ஒதுக்கணும். போன் பண்ணத் தெரிஞ்சவருக்கு மட்டும் டாக்டர்னு ஆயிடக் கூடாது. ரெண்டு, ரிசப்ஷன் அக்காவை அனுப்பிட்டு இதைச் செய்யக் கூடாது. போன் தொல்லை குறைஞ்சா அவங்க எதிர்ல நிக்கிற மனுஷன் முகத்தைப் பாக்க முடியும். மயங்கி விழப் போறவரை கேமரா பாக்கிறதுக்கு முன்னாடி அவங்கதான் பாப்பாங்க.

7. இன்டர்வியூக்குப் போறீங்களா?

இந்தக் கேள்விகளைக் கேளுங்க. பதிலை வெச்சே இடத்தைப் புரிஞ்சுக்கலாம்.

- எந்தப் படியில வேலை? கோடிங்கா, காலிங்கா, தகுதி சரிபார்ப்பா?
- எனக்குன்னு தனி லாகினும் ரெண்டாம் கட்ட சரிபார்ப்பும் உண்டா? பொது லாகின்னா யார் செஞ்ச தப்பும் உங்க தலையில விழலாம்.
- என் வேலையை யார் சரிபார்ப்பாங்க? பிழை வந்தா பயிற்சியா, சம்பளப் பிடித்தமா?
- நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் எவ்வளவு? பெண்களுக்கு வீட்டு வாசல் வரை வண்டி வருமா?
- ஒரிஜினல் சர்டிஃபிகேட் கேக்கிறாங்களா? காட்டுங்க, கொடுத்துட்டு வராதீங்க.
- ரெண்டு வருஷம் கழிச்சு எங்கே போகலாம்?

கடைசிக் கேள்வி முக்கியம். விதியா எழுத முடிஞ்ச வேலையெல்லாம் மெதுவா சாஃப்ட்வேருக்குப் போகுது. தகுதி சரிபார்ப்புல ஏற்கெனவே போயிட்டு இருக்கு. நிக்கப் போறது விதிக்கு அடங்காத கேஸைப் பிரிச்சுப் பாக்கிறவரும், அந்த விதியை எழுதுறவரும். பி.இ. படிச்சவர் ரெண்டாவது ஆளா மாறலாம். ஆனா ஏழு படியையும் ஒரு தடவையாவது கையால தொட்டிருக்கணும்.

செஞ்சு பாருங்க

1. 1234567893-ல பக்கத்துப் பக்கத்து இலக்கம் ரெண்டை மாத்தி எழுதி, லூன் பிடிக்குதான்னு பாருங்க. பைத்தான்ல பத்து வரி போதும்.
2. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட "நெஞ்சு சரியில்லை, மூச்சு முட்டுது" என்பதை எத்தனை விதமா சொல்வாங்கன்னு கேட்டு எழுதுங்க. பத்து விதமாவது கிடைக்கும்.
3. பக்கத்துல ஒரு கிளினிக்ல, டாக்டர் அனுமதியோட, நோயாளி பேர் எதையும் குறிக்காம, வந்த நேரமும் உள்ளே போன நேரமும் மட்டும் ஒரு சாயங்காலம் குறிச்சுட்டு வாங்க. லிட்டில் விதியைப் போட்டுப் பாருங்க.

ரெண்டாவது பட்டியலை நம்ம இதழ் மெயிலுக்கு அனுப்புங்க. எல்லாத்தையும் சேர்த்தா அடுத்த பேட்ச்சுக்கு ஒரு நல்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் கையில இருக்கும்.